சும்மா கிடக்கும் டொமைன்களில் சிறு தளங்கள்: வாசகர் கேள்வி பதில்

ஆர்வத்தில் வாங்கிப் போட்ட டொமைன் பெயர்களில் சின்னச் சின்ன இணையதளங்கள் அமைத்து வருமானம் பார்ப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: என்னிடம் பதினான்கு டொமைன்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒவ்வொரு தளம் போட்டுவிடலாமா?

வேண்டாம். முதல் வேலை வேண்டாத பெயர்களைக் கழிப்பது. ஒரு விரிதாளில் நான்கு கட்டம் போடுங்கள்: பெயர், காலாவதித் தேதி, புதுப்பிக்கும் கட்டணம், அந்தப் பெயரைத் தட்டி வருபவர் எதைத் தேடி வருவார். கட்டணக் கட்டத்தில் முதல் ஆண்டுச் சலுகை விலையை எழுதாதீர்கள். இரண்டாம் ஆண்டு என்ன கேட்கிறார்கள் என்று பதிவாளரின் (டொமைனைப் பதிந்து தரும் நிறுவனத்தின்) விலைப்பட்டியலில் பார்த்து அதை எழுதுங்கள். பல புதிய பின்னொட்டுகளில் (டாட் காம் போல் பெயரின் இறுதியில் வருவது) இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். நான்காவது கட்டத்தை ஒரே வரியில் நிரப்ப முடியாத பெயர், கேட்க எவ்வளவு அழகாக இருந்தாலும் தளத்துக்கு ஆகாது.

அடுத்து, ஏதாவது நிறுவனத்தின் வணிகப் பெயரோ, அதை ஓரெழுத்து மாற்றிய வடிவமோ உள்ள பெயர்களை ஒதுக்குங்கள். டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு 1999-இல் கொண்டுவந்த, பெயர்த் தகராறுகளைத் தீர்க்கும் யுடிஆர்பி விதிமுறைப்படி, பெயர் தங்கள் வணிகக் குறியைப் போலிருக்கிறது, வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிந்து பயன்படுத்துகிறார் என்ற மூன்றையும் நிறுவனம் நிரூபித்தால் பெயர் கைமாறிவிடும். அந்தப் பெயரில் போட்டி நிறுவனங்களின் விளம்பரம் ஓடியிருந்தால், கெட்ட எண்ணத்துக்கு நீங்களே சாட்சி சேர்த்துக் கொடுத்த மாதிரி.

மிஞ்சியவை உங்களுக்கு முன் வேறு யாரிடமாவது இருந்தனவா என்று, தளங்களின் பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் பாருங்கள். சூதாட்டப் பக்கங்கள், திடீரென்று மாறிய மொழி, போலி மருந்துக் கடை என்று ஏதாவது தென்பட்டால் தயங்காமல் விலக்குங்கள். ஆபத்தான தளங்களைக் குறித்து வைக்கும் கூகுள் சேஃப் பிரவுசிங்கிலும், குப்பை அஞ்சல் அனுப்புவோரைக் குறிக்கும் ஸ்பேம்ஹாஸ் பட்டியலிலும் பெயர் சிக்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். காலாவதியான டொமைனின் பழைய மதிப்பை நம்பித் தரமற்ற உள்ளடக்கத்தை ஏற்றுவதை 2024 மார்ச்சில் கூகுள் வெளிப்படையாகவே ஸ்பேம் பட்டியலில் சேர்த்துவிட்டது. இவ்வளவும் கழிந்தபின் இரண்டோ மூன்றோ மிஞ்சும். அவை போதும்.

கேள்வி: தளம் எதற்கு, பார்க்கிங்கில் (தளம் இல்லாத பெயரில் விளம்பரப் பக்கம் மட்டும் காட்டும் சேவையில்) விட்டாலே விளம்பர வருமானம் வராதா?

முகவரிப் பெட்டியில் பெயரை நேராகத் தட்டி வருபவர்களை நம்பிய ஏற்பாடு அது. அப்படித் தட்டுவோர் குறைந்துவிட்டார்கள். பார்க்கிங் பக்கங்களில் விளம்பரதாரர்களின் விளம்பரம் இயல்பாகவே வராதபடி கூகுளும் அமைப்பை மாற்றிவிட்டது. புதுப்பிக்கும் கட்டணத்தைக்கூட ஈட்டாத பெயர்கள்தான் பெரும்பாலும்.

இன்னொரு எச்சரிக்கை. பார்க்கிங் புள்ளிவிவரத்தில் தெரியும் வருகைகளை ஆட்கள் என்று எண்ணிவிட வேண்டாம். வேர்ட்பிரஸ் (தளம் அமைக்கும் மென்பொருள்) நுழைவுப் பக்கத்தைத் தேடித் தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் எல்லா டொமைன்களையும் சுற்றிவரும். உண்மை நிலவரம் தெரிய ஒற்றைப் பக்கம் ஒன்றை ஏற்றி, முப்பது நாள் சர்வர் பதிவேட்டை, அதாவது யார் வந்து எதைக் கேட்டார்கள் என்ற குறிப்பைப் பாருங்கள். பக்கத்தோடு படத்தையும் நடைதாளையும் (தோற்றத்தை அமைக்கும் கோப்பு) சேர்த்து இறக்கியவை பெரும்பாலும் ஆட்கள். பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டு ஓடியவை பெரும்பாலும் நிரல்கள்.

கேள்வி: என்ன மாதிரியான தளம் போட்டால் ஆட்கள் வருவார்கள்? பத்துக் கட்டுரை எழுதிப் போட்டால் போதாதா?

பொதுவான பத்துக் கட்டுரைகளுக்கு இனி இடமில்லை. ஒரு வரியில் பதில் முடிகிற கேள்விக்குத் தேடுபொறியே தன் பக்கத்தில் பதிலைக் காட்டிவிடுகிறது. உங்கள் தளம்வரை வர வேண்டிய காரணம் வருகிறவருக்கு இருக்க வேண்டும்: தன் அளவைப் போட்டுக் கணக்கிட வேண்டும், ஒப்பிட வேண்டும், தரவிறக்க வேண்டும். கணிப்பான் போன்ற கருவித் தளங்களை இதனால்தான் முதலில் சொல்கிறோம்.

ஓர் உதாரணம். உங்கள் டொமைன் தண்ணீர்த் தொட்டி பற்றியது என்று வைத்துக்கொள்வோம். தொட்டியின் சிறப்புகளைப் பற்றிக் கட்டுரை எழுதுவதில் பயனில்லை. விட்டத்தையும் உயரத்தையும் கொடுத்தால் லிட்டர் சொல்லும் கணிப்பான் போடுங்கள். கணக்கு எளிது: ஆரத்தின் வர்க்கம், பெருக்கல் 3.1416, பெருக்கல் உயரம். ஒரு கன மீட்டர் 1000 லிட்டர். விட்டம் 1 மீட்டர், உயரம் 1.2 மீட்டர் என்றால் சுமார் 942 லிட்டர். இதைச் சொல்லும் தளங்கள் ஏற்கெனவே ஏராளம். இதற்கு அடுத்த படியில்தான் உங்கள் தளத்துக்கு மதிப்பு வருகிறது. பலரும் வெளிவிட்டத்தை அளந்துவிடுவார்கள். சுவர் ஒரு சென்டிமீட்டர் தடிமன் என்றால் உள்விட்டம் 98 சென்டிமீட்டர்தான். கொள்ளளவு 905 லிட்டராக இறங்கிவிடும். 37 லிட்டர் வித்தியாசம். சுவர்த் தடிமனுக்கு ஒரு கட்டம், சுற்றளவை நாடாவால் அளந்து விட்டம் காணும் வழி, படுக்கைவாட்டில் கிடக்கும் உருளையில் பாதிக்குக் கீழே தண்ணீர் இருந்தால் எவ்வளவு, செவ்வகத் தொட்டி, அச்சடித்து ஒட்டிவைக்க ஓர் அட்டவணை. இப்படி எட்டிலிருந்து பன்னிரண்டு பக்கம் வந்தால் அது முழுமையான சிறு தளம். ஒவ்வொரு பக்கமும் தனியாக ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறது, ஒன்று இன்னொன்றைச் சுட்டுகிறது.

இதையே ஒரு நிரலிடம் கொடுத்து நூறு பக்கமாகப் பெருக்கும் ஆசை வரும். ஊர் பெயரையும் எண்ணையும் மட்டும் மாற்றி மாற்றிப் பக்கம் உற்பத்தி செய்வதும் கூகுளின் அதே 2024 ஸ்பேம் விதிகளில் வருகிறது. அவற்றில் பல தேடுபொறியின் பட்டியலிலேயே ஏறாமல் போகலாம். மற்ற நல்ல பக்கங்களையும் அவை கீழே இழுத்துவிடலாம்.

தேடு சொல்லே பெயராக அமைந்த டொமைனுக்குத் தனிச் சலுகை உண்டென்ற நம்பிக்கையையும் விட்டுவிடுங்கள். தரமற்ற தளம் பெயரால் மட்டும் மேலே வருவதை கூகுள் 2012 செப்டம்பரிலேயே நிறுத்திவிட்டது. நல்ல பெயர் வாய்க்கு வரும், நினைவில் நிற்கும். அதன் பயன் அவ்வளவே.

கேள்வி: வேர்ட்பிரஸ் போடலாமா? டொமைனை என் சர்வருக்குத் திருப்பிவிட்டேன், ஆனால் பாதுகாப்புச் சான்றிதழ் கிடைக்கவே மாட்டேன் என்கிறது.

பன்னிரண்டு பக்கத் தளத்துக்கு வேர்ட்பிரஸ் தேவையில்லை. மூன்று தளம் என்றால் மூன்று தரவுத்தளம், ஒவ்வொன்றிலும் பத்துச் செருகுநிரல், எல்லாவற்றுக்கும் ஓயாத புதுப்பிப்பு. ஆறு மாதம் கவனிக்காமல் விட்ட சிறு தளங்கள்தான் ஹேக்கர்களிடம் முதலில் சிக்குகின்றன. வெறும் ஹெச்டிஎம்எல் கோப்புகளும் சிறிது ஜாவாஸ்கிரிப்டும் போதும். ஒரு பக்கம் படத்தோடு சேர்த்து 100 கிலோபைட்டுக்குள் அடங்கட்டும்.

சான்றிதழ் விஷயத்துக்கு வருவோம். டொமைனைத் திருப்புவதற்கு ஒரு நாள் முன்பே டிஎன்எஸ் (பெயரைச் சர்வர் முகவரியோடு இணைக்கும் ஏற்பாடு) பதிவின் டிடிஎல்லை, அதாவது அந்தப் பதிவை மற்ற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 300 நொடியாகக் குறையுங்கள். அது 86400 என்று இருந்தால் பழைய முகவரி சிலருக்கு ஒரு நாள் முழுக்க வந்துகொண்டிருக்கும். பிறகு 'ஏ' (A) பதிவில் புதிய சர்வரின் ஐபி முகவரியைப் போடுவார்கள். பலரும் கோட்டைவிடும் இடம் அடுத்தது: பார்க்கிங் நிறுவனம் போட்டிருந்த ஐபி பதிப்பு ஆறு (IPv6) முகவரிக்கான 'ஏஏஏஏ' (AAAA) பதிவு அப்படியே கிடக்கும். இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் சரிபார்க்க வரும்போது அந்த முகவரியைத்தான் முதலில் நாடும். பழைய சர்வர் ஏதோ ஒரு பக்கத்தைக் காட்டும், சரிபார்ப்பு தோற்கும். உங்கள் உலாவியில் தளம் ஒழுங்காகத் திறப்பதால் காரணமே பிடிபடாது. அந்தப் பதிவை நீக்குங்கள். சர்வரின் 80-ஆம் போர்ட் (சரிபார்ப்பு வந்து சேரும் வாசல்) திறந்திருக்கிறதா, வேறொரு சான்றிதழ் நிறுவனத்துக்கு மட்டும் அனுமதி தரும் சிஏஏ பதிவு மிச்சமிருக்கிறதா என்றும் பாருங்கள்.

லெட்ஸ் என்கிரிப்டின் வழக்கமான சான்றிதழ் 90 நாள்தான் செல்லும். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டைச் சோதித்துப் பார்க்காமல் தளத்தை மறந்துவிடக் கூடாது. டாட் டெவ், டாட் ஆப் பின்னொட்டு உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சான்றிதழ் இல்லாமல் அந்தப் பெயர்களை உலாவிகள் திறக்கவே மாட்டா.

கேள்வி: 'குறைந்த மதிப்புள்ள உள்ளடக்கம்' என்று கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் நிராகரித்துவிட்டது. என்ன செய்வது?

மறுநாளே திரும்ப விண்ணப்பிக்காதீர்கள். அரைகுறைப் பக்கங்களையும் 'விரைவில்' என்று எழுதி வைத்த பக்கங்களையும் எடுத்துவிடுங்கள். கருவிப் பக்கத்தில் வெறும் கட்டங்கள் மட்டும் இருந்தால், கணக்கு எப்படி வருகிறது, எங்கே பிழை நேரும் என்ற விளக்கத்தையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். தொடர்பு, தனியுரிமைக் கொள்கைப் பக்கங்கள் அவசியம். தேடுபொறியின் பட்டியலில் ஏறி, தேடலிலிருந்து சிறிதாவது ஆட்கள் வரத் தொடங்கியபின் கேட்பது நல்லது.

அனுமதி தளத்துக்குத் தளம் தனி. ஆனால் கணக்கு ஒன்றே போதும். இரண்டாவது கணக்கு திறந்தால் இரண்டும் போகலாம். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும், ஒரே கணக்கில் எல்லாத் தளமும் சேர்வதால் சிறு தளக்காரர்களுக்கு அது நல்லதே. ஆட்ஸ் டாட் டெக்ஸ்ட் (ads.txt, உங்கள் விளம்பர இடத்தை விற்க யாருக்கு அனுமதி என்று சொல்லும்) கோப்பை ஒவ்வொரு டொமைனின் வேர் அடைவிலும் வையுங்கள். உள் அடைவில் போட்டுவிட்டு, வருமானம் ஏன் விழுந்தது என்று தேடுவோர் பலர். உங்கள் விளம்பரத்தை நீங்களே சொடுக்காதீர்கள், சோதனைக்காகக்கூட.

பொருள் சார்ந்த தளமாக இருந்தால் இணைப்புக் கமிஷன் (உங்கள் இணைப்பு வழியே போய் ஒருவர் வாங்கினால் கிடைக்கும் பங்கு) அதிகம் தரும். அமேசான் திட்டத்தில் 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். ஆகவே ஆட்கள் வரத் தொடங்கியபின் சேருங்கள். இது கமிஷன் இணைப்பு என்று வாசகர் கண்ணில் படும்படி எழுதுங்கள். அது விதி மட்டுமல்ல, வாசகருக்கு நாம் தர வேண்டிய மரியாதை.

கேள்வி: மற்ற டொமைன்களை எல்லாம் முக்கியத் தளத்துக்குத் திருப்பிவிட்டால் அதன் மதிப்பு ஏறுமா?

ஏறாது. யாரும் இணைப்புக் கொடுக்காத பெயரிலிருந்து கடத்த எதுவும் இல்லை. உங்கள் பெயரின் எழுத்துப் பிழை வடிவங்களைத் திருப்பிவிடலாம். அது வழிதவறி வருபவருக்கு உதவி.

கேள்வி: தளம் போடாத பெயர்களை அப்படியே விட்டுவிடலாமா?

பூட்டிவிட்டு விடுங்கள். உங்கள் பெயரில் யாரோ மோசடி மின்னஞ்சல் அனுப்ப முடியும். டிஎன்எஸ்ஸில் எஸ்பிஎஃப் (அஞ்சல் அனுப்ப எந்தச் சர்வருக்கு அனுமதி என்று சொல்லும்) பதிவில் எந்தச் சர்வருக்கும் அனுமதி இல்லை என்றும், டிமார்க் (போலி அஞ்சலை என்ன செய்வது என்று சொல்லும்) பதிவில் 'நிராகரி' என்றும், எம்எக்ஸ் (அஞ்சல் பெறும் சர்வரைச் சொல்லும்) பதிவில் வெறும் புள்ளியும் போட்டால் அந்த வழி பெரும்பாலும் அடைபடும். முன்பு ஏதாவது இலவசச் சேவைக்குச் சுட்டிய சிநேம் (ஒரு பெயரை வேறொரு பெயருக்குச் சுட்டும்) பதிவு இருந்தால் நீக்குங்கள். சேவையை நீங்கள் விட்டபின் அந்த இடத்தை வேறொருவர் பிடித்து உங்கள் டொமைனில் தன் பக்கத்தை ஓட்டலாம்.

கேள்வி: எவ்வளவு நாள் பார்த்துவிட்டுக் கைவிடுவது?

புதுப்பிக்கும் தேதிதான் கெடு. தளம் ஏறிய அன்றே கூகுளின் சர்ச் கன்சோலில் (தேடலில் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் சேவை) சேர்த்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அதைத் திறந்து பாருங்கள். தேடலில் பலமுறை தோன்றியும் யாரும் சொடுக்கவில்லையானால் தலைப்பையும் விளக்க வரியையும் மாற்ற வேண்டும். பக்கம் மிகக் கீழே கிடக்கிறதா என்றும் பாருங்கள். தோன்றவே இல்லை, பக்கங்களும் பட்டியலில் ஏறியிருக்கின்றன என்றால் அந்தத் தலைப்பைத் தேடுபவர் இல்லை. கருவியை இன்னொரு பெயருக்கு மாற்றிவிட்டு இந்தப் பெயரை விடுங்கள்.

விற்பதானால் காலாவதிக்கு மூன்று மாதம் முன்பே முயலுங்கள். பதிவாளர் மாற்றம் செய்த பெயரைப் பெரும்பாலும் 60 நாள் மறுபடி மாற்ற முடியாது. பணம் நடுநிலை எஸ்க்ரோவுக்கு (இரு தரப்புக்கும் பொதுவாகப் பணத்தைப் பிடித்து வைக்கும் சேவை) வந்து சேருமுன், பெயரை மாற்றத் தேவையான குறியீட்டை யாருக்கும் தராதீர்கள். காலாவதி ஆனபின் மனம் மாறினால், டாட் காம் போன்ற பெயர்களுக்குப் பதிவாளரைப் பொறுத்து 45 நாள்வரை சாதாரணக் கட்டணத்தில் மீட்க வாய்ப்புண்டு. அதற்கடுத்த 30 நாளில் மீட்கத் தண்டக் கட்டணம் பல மடங்கு. அதன்பின் வரும் 5 நாளில் யாராலும் மீட்க முடியாது. ஆறாம் நாள் பெயர் பொதுவுக்குப் போய்விடும்.