சாயங்கால வகுப்பு நடத்துறவங்க கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கவிதா: அக்கா, எங்க தெருவுல 25 பிள்ளைங்க, மூணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும். எதுல இருந்து ஆரம்பிக்கிறது?

பதில்: புத்தகத்த இப்ப தொறக்காதீங்கம்மா. ஒவ்வொரு பிள்ளையா கூப்பிட்டு எழுத்து, வார்த்தை, சின்ன பத்தி, கதை, இதுல எது வரைக்கும் தடுமாறாம வாசிக்குதுன்னு பாருங்க, அஞ்சு நிமிஷ வேலைதான். அப்புறம் எந்த வகுப்புன்னு பாக்காம வாசிக்கிற நிலைய வச்சு குழு பிரிங்க. பிரதம்ங்கிற கல்வித் தொண்டு அமைப்பு செய்யிறது இதுதான். 2001-03ல மும்பை, வதோதரா பள்ளிங்கள்ல பானர்ஜி, டுஃப்லோங்கிற பொருளாதார அறிஞர்கள் எல்லாம் ஆய்வு பண்ணப்ப, பின்தங்கின பிள்ளைங்களுக்கு அந்த ஊரு பொண்ணுங்க தினம் ரெண்டு மணி நேரம் தனியா அடிப்படை சொல்லிக் குடுத்ததுலயே மார்க் ஏறிடுச்சு.

செல்வம்: எந்த புக் வாங்கலாம்?

பதில்: மொதல்ல சோதிங்க தம்பி. பீகார்ல பள்ளிக்கூடங்களுக்கு புத்தகத்த மட்டும் குடுத்துப் பாத்தாங்க, மாற்றமே இல்ல.

ராஜமாணிக்கம் (ரிட்டயர்ட் வாத்தியார்): அஞ்சாவது பையன மூணாவது பிள்ளைங்களோட உக்கார வச்சா குறுகிப் போயிடுவான்மா. தப்பு இது.

பதில்: சார், அஞ்சாவதுல தினமும் ஒண்ணும் புரியாம உக்காந்திருக்கானே, அங்க அவன் குறுகலையா? ஹரியானால 2012-13ல அரசுப் பள்ளி டீச்சர்களே செஞ்சாங்க, நாளுக்கு ஒரு மணி நேரம்தான் குழு, மிச்ச நேரம் அவனவன் வகுப்புல, வாசிப்பு முன்னேறுச்சு. ஆனா குழுவ மாத்தாமலே விட்டா நீங்க பயப்படுறது நடந்துரும், அதனால அடிக்கடி வாசிக்க வச்சு, தேறின பிள்ளைய அன்னிக்கே மேல அனுப்பணும். மக்கு குரூப்புன்னு யாரும் வாய் தவறிக்கூட சொல்லக்கூடாது.

ராஜமாணிக்கம்: அப்போ சிலபஸ யாரு முடிக்கிறது?

பதில்: பிள்ளைக்கு வாசிக்கவே வரல, சிலபஸ முடிச்சு யாருக்கு சார் லாபம்?

கவிதா: சார் சொல்றதும் நியாயம்தான்க்கா, அம்மாமாருங்க வந்து ஹோம்வொர்க் எங்கன்னு சண்டை போடுறாங்க.

பதில்: கடைசி பத்து நிமிஷம் ஹோம்வொர்க்குக்கு விடுங்க, அதுக்கு மேல வேணாம். அம்மாமாருங்க முன்னாடி பிள்ளைய வாசிச்சுக் காட்ட சொல்லுங்க.

நிலா: இல்லம் தேடிக் கல்வில நெசமாவே பலன் இருந்துச்சா?

பதில்: இருந்துச்சு. 2021 கடைசில ஆரம்பிச்சது, கிட்டத்தட்ட 2 லட்சம் தன்னார்வலர்கள், மாசம் 1000 ரூபா. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோன்னு மூணு பொருளாதார ஆய்வாளர்கள் நம்ம தமிழ்நாட்டு கிராமத்துப் பிள்ளைங்க 19,000 பேர் வரைக்கும் சோதிச்சாங்க. கொரோனால இழந்ததுல மூணுல ரெண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாசத்துல திரும்பிடுச்சு, அப்படித் திரும்பினதுல கால்வாசி இந்தத் திட்டத்தாலதான். அந்தப் பொண்ணுங்க உழைப்புக்கு 1000 ரூபா ரொம்பக் கம்மின்னு நான் எங்கயும் சொல்லுவேன்.

பிரபு: போதை விழிப்புணர்வும் சேத்து நடத்தலாமா?

பதில்: என் துறை இல்ல. அமெரிக்கால 1983ல இருந்து போலீஸ்காரங்க வகுப்புக்கு வந்து பேசுற 'டேர்' திட்டம் ரொம்பப் பிரபலம், ஆனா பழைய பாடத்திட்டத்த ஆராய்ஞ்சப்ப போதைப் பழக்கம் பெருசா குறையல. விவரம் தெரிஞ்சவங்கள கேட்டுட்டு எறங்குங்க.

முத்து: அக்கா எந்த புக்..

பதில்: மேல செல்வத்துக்கு சொன்னதேதான். சோதிங்க!

தேவி: வகுப்பு ஆரம்பிச்சாச்சு, பிள்ளைங்கதான் வர மாட்டேங்குதுக்கா.

பதில்: உத்தரப்பிரதேசம் ஜவுன்பூர்லயும் இதே கததான், வாசிப்பு முகாமுக்கு வந்த பிள்ளைங்க தேறுச்சுங்க, ஆனா வந்ததே கொஞ்சம்தான். வராத பிள்ளைங்க பேர எழுதி, யாரு வீட்டுக்கு யாரு போறதுன்னு இன்னிக்கே பிரிச்சுக்கோங்க.