அமெரிக்காவின் வட கரோலினாவில், கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சி அமைப்பு) வேளாண் ஆலோசனை போர்டின் ஆண்டறிக்கையை எப்படி எழுதுவது? சமூக சேவை போர்டின் அறிக்கையை மாதிரியாக எடுத்துக்கொள்ளலாமா?

கணக்குக் காட்டும் முறையை எடுத்துக்கொள்ளலாம், தொனியை எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு போர்டுகளின் அதிகாரமும் ஒன்றல்ல. சமூக சேவை போர்டில் 3 அல்லது 5 பேர் இருப்பார்கள். ஐவர் என்றால் இருவரைக் கவுண்டி கமிஷனர்களும் (கவுண்டியை ஆளும், தேர்தலில் வென்ற உறுப்பினர்கள்) இருவரை மாநில சமூக சேவை ஆணையமும் நியமிக்க, ஐந்தாமவரை அந்த நால்வர் தேர்ந்தெடுக்கிறார்கள். துறை இயக்குநரை வேலைக்கு அமர்த்துவதே அந்த போர்டுதான். (2012 சட்டத்துக்குப் பின் சில கவுண்டிகளில் கமிஷனர்களே அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள்.) வேளாண் போர்டு கமிஷனர்களுக்குப் பரிந்துரைதான் செய்ய முடியும். அதனால் அதன் அறிக்கையில் என்ன முடிவு வேண்டும் என்பது முதல் வரியிலேயே இருக்க வேண்டும்.

முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். கவுண்டியின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. துறைகள் நிதிக் கோரிக்கையை ஏப்ரல் 30-க்குள் கொடுக்க வேண்டும், வரவு செலவுத் திட்டம் ஜூன் 1-க்குள் கமிஷனர்கள் முன் வர வேண்டும். மே மாதம் வாசிக்கும் அறிக்கைக்குக் கைதட்டல் கிடைக்கலாம், பணம் கிடைப்பது கடினம். பிப்ரவரியில் எழுதி முடித்து, மார்ச் கூட்டத்தில் வைத்துவிடுங்கள்.

வேளாண் அறிக்கையில் அதிகம் காணும் பிழை, எல்லா ஏக்கரையும் கூட்டி 'பாதுகாக்கப்பட்ட நிலம்' என்று ஒரே எண்ணாகப் போடுவது. அது கமிஷனர்களைத் தவறாக நம்ப வைத்துவிடும். நான்கு வகையையும் தனித்தனி வரியில் எழுதுங்கள்.

சாதாரண விருப்ப வேளாண் மண்டலத்தில் சேரும் உரிமையாளர் 10 ஆண்டுகளுக்கு நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு விடுவதில்லை என்று ஒப்பந்தம் போடுகிறார். விதிகளுக்கு உட்பட்டு மூன்று மனைகள் வரை பிரிக்க மட்டும் இடம் உண்டு. ஆனால் எழுத்துமூலம் அறிவித்தால் எப்போது வேண்டுமானாலும் விலகிவிடலாம். மேம்பட்ட மண்டலத்தில் அந்த 10 ஆண்டுக்குள் விலக முடியாது. மூன்றாவது, நிரந்தர ஈஸ்மென்ட், அதாவது நிலத்தை என்றைக்கும் வேறு பயன்பாட்டுக்கு விடுவதில்லை என்று பத்திரப்பதிவு செய்து கட்டுப்படுவது. அதுதான் உண்மையிலேயே நிலத்தைக் காப்பாற்றுகிறது. நான்காவது, சந்தை விலையில் அல்லாமல் தற்போதைய பயன்பாட்டு மதிப்பில் வரி கட்டும் நிலம்: பயிர் என்றால் 10 ஏக்கர், தோட்டக்கலை 5, காடு 20 என்பது குறைந்தபட்ச அளவு. இது வெறும் வரிச் சலுகை. வெளியேறினால் நடப்பு ஆண்டுக்கும் முந்தைய 3 ஆண்டுகளுக்கும் விட்டுப்போன வரியை வட்டியோடு கட்ட வேண்டும், அவ்வளவே. வீட்டுமனை போடுகிறவருக்கு அந்தத் தொகை ஒரு தடையே இல்லை.

சேர்ந்த ஏக்கரோடு, விண்ணப்பித்தது, நிராகரிக்கப்பட்டது, விலகியது ஆகியவற்றையும் கொடுங்கள். விலகியதை மறைக்கும் அறிக்கைகள் நிறைய. கமிஷனர்கள் கவனிக்க வேண்டியதே அதைத்தான். ஒரு வரைபடமும் சேருங்கள்: பதிவான நிலங்களின் மேல், திட்டமிட்டிருக்கும் கழிவுநீர்க் குழாயையும் சாலையையும் வரைந்து காட்டுங்கள். குழாய் போன வழியில்தான் வீடுகள் வரும். விளைநிலப் பாதுகாப்பு அமைப்பான அமெரிக்கன் ஃபார்ம்லேண்ட் டிரஸ்டின் 2022 கணிப்பில், 2040-க்குள் விளைநிலத்தை அதிகம் இழக்கக்கூடிய மாநிலங்களில் டெக்சாசுக்கு அடுத்து வட கரோலினாதான் இருக்கிறது. எந்தப் பண்ணை முதலில் போகும் என்பதை உங்கள் வரைபடம் சொல்லிவிடும்.

நிலம் கையகப்படுத்தும் விசாரணையை மறந்துவிடாதீர்கள். கவுண்டி விதியில் அந்தப் பிரிவு இருந்தால், மண்டலத்துக்குள் நிலம் எடுக்க விரும்பும் அரசு அமைப்பு முதலில் உங்கள் போர்டிடம் பொது விசாரணை கேட்க வேண்டும். கோரிக்கை வந்து 30 நாளுக்குள் விசாரணையையும் நடத்தி, முடிவையும் எழுதித் தர வேண்டும். திட்டத்தின் தேவை நிரூபிக்கப்பட்டதா, விளைநிலத்தை இவ்வளவு பாதிக்காத மாற்றுவழி உண்டா என்ற இரண்டுக்கும் பதில் அதில் இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும் போர்டு இந்தக் கெடுவை எளிதில் தவறவிடும். சிறப்புக் கூட்டத்துக்கு 48 மணி நேர முன்னறிவிப்பு போதும், யார் அழைப்பது என்பதை இப்போதே தீர்மானித்து வையுங்கள்.

சமூக சேவை அறிக்கையிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது, எண்ணைக் கெடுவோடு வைத்துக் காட்டும் முறை. உணவு உதவி விண்ணப்பத்துக்கு 30 நாள், அவசரம் என்றால் 7. மெடிகெய்டுக்கு (வருமானம் குறைந்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) 45, உடல்குறை அடிப்படையில் என்றால் 90. குழந்தை மீதான வன்முறைப் புகாரில் 24 மணி நேரத்திலும், புறக்கணிப்புப் புகாரில் 72 மணி நேரத்திலும் விசாரணை தொடங்க வேண்டும். 'எத்தனையில் எத்தனை' என்று எழுதுங்கள், சிறிய கவுண்டியில் வெறும் சதவீதம் ஏமாற்றும். தாமதத்துக்குப் பின்னால் பெரும்பாலும் காலிப் பணியிடம் இருக்கும். விசாரணைப் பணியாளர் ஒருவருக்கு 10 குடும்பம் என்பது மாநில அளவுகோல். புதிதாக வருபவரிடம் முன்பயிற்சி முடியும்வரை கேஸ் கொடுக்க முடியாது என்பதால், ஒருவர் போனால் மாதக்கணக்கில் சுமை மற்றவர்மேல் விழும். உதவி பெறுவோரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம். பெயர் போடாவிட்டாலும், 'அந்தச் சாலையில் ஏழு பிள்ளைகள் உள்ள குடும்பம்' என்று எழுதினாலே ஊருக்குத் தெரிந்துவிடும்.

வரைவை ஒருவர் எழுதட்டும், விவாதம் திறந்த கூட்டத்தில் நடக்கட்டும். உறுப்பினர்கள் எல்லோருக்கும் போகும் மின்னஞ்சல்கள் பொது ஆவணம்.

மாநில வேளாண் ஆணையருக்கும் கவுண்டி ஆண்டுதோறும் இதே விளைநிலப் பாதுகாப்புத் திட்டம் பற்றி அறிக்கை அனுப்ப வேண்டும். இரண்டிலும் ஏக்கர் கணக்கு ஒத்துப்போகட்டும். ஒன்றை நாட்காட்டி ஆண்டிலும் மற்றதை நிதியாண்டிலும் எண்ணினால் ஒத்துப்போகாது, ஆகவே அட்டவணையின் தலையிலேயே எந்தத் தேதி நிலவரம் என்று எழுதிவிடுங்கள்.