மருந்து ஆய்வில் கையெழுத்துப் போட்டால் உரிமை போய்விடுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. பல வருடமாகச் சர்க்கரை நோய். எங்கள் பகுதித் தனியார் மருத்துவமனையில், புது மருந்து ஒன்று ஆய்வில் இருப்பதாகவும், இலவசமாகக் கிடைக்கும் என்றும் சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். அம்மா படிவத்தில் கையெழுத்துப் போட்டார். நகல் தரவில்லை. மூன்றாவது மாதம் மஞ்சள் காமாலை வந்து, அதே மருத்துவமனையில் ஒரு வாரத்துக்கு மேல் படுக்கையில் இருந்தார். பில்லை எங்களிடமே வசூலித்தார்கள். விலகிக்கொள்கிறோம் என்றால், "பாதியில் விட்டால் இதுவரை ஆன செலவைக் கட்ட வேண்டும், அப்புறம் இங்கே வைத்தியமும் கிடைக்காது" என்கிறார்கள். கையெழுத்துப் போட்டதால் எங்களுக்கு எந்த உரிமையும் இல்லையா?

பதில்: நிறையவே இருக்கிறது. உங்களிடம் சொல்லப்பட்ட இரண்டு மிரட்டலுக்கும் சட்டத்தில் இடமில்லை.

புது மருந்தை மனிதர்களிடம் சோதிப்பதை இந்தியாவில் 'புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள், 2019' கட்டுப்படுத்துகிறது. பங்கேற்பவர் எந்த நேரத்திலும் விலகலாம், அதற்காக அபராதமோ அவருக்குக் கிடைத்துவந்த சிகிச்சையில் குறைவோ வரக் கூடாது என்பதை ஒப்புதல் படிவத்திலேயே எழுதிக் காட்ட வேண்டும் என்கின்றன அந்த விதிகள். உங்கள் அம்மா போட்டது சம்மதக் கையெழுத்து. அதை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். செலவைக் கட்டச் சொல்லி யாராவது கேட்டால், "எழுத்தில் கொடுங்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே பேச்சு நின்றுவிடும்.

பூர்த்தி செய்த படிவத்தின் நகலையும் தகவல் தாளையும் அவரிடம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காதது அவர்கள் பக்கத் தவறு, இன்றைக்கே எழுதிக் கேளுங்கள். அந்தப் படிவத்தில் அம்மாவின் வேலை, ஆண்டு வருமானம், நாமினியின் பெயர், உறவுமுறை எல்லாம் கேட்கப்பட்டிருக்கும். அந்தக் கட்டங்கள் காலியாக இருந்தாலோ, வேறு கையெழுத்தில் பின்னால் நிரப்பியது போலத் தெரிந்தாலோ கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். முறையாக விளக்கிச் சம்மதம் வாங்கினார்களா என்ற கேள்விக்கு அதுவே முதல் சாட்சி.

இனி பில். ஆய்வின்போது பங்கேற்பவருக்குப் பாதிப்பு வந்தால், தேவைப்படும் காலம்வரை இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்கிறது விதி 40. அந்தப் பாதிப்புக்கும் ஆய்வுக்கும் தொடர்பில்லை என்று நிரூபணமானால்தான் அந்தப் பொறுப்பு முடியும். "இது மருந்தால் வந்ததில்லை" என்று வார்டில் ஒரு டாக்டர் வாயால் சொல்வது நிரூபணம் ஆகாது. ஆகவே அந்தத் தொகையைத் திரும்பக் கேட்க உங்களுக்கு வலுவான அடிப்படை இருக்கிறது. பாதிப்பு ஆய்வோடு தொடர்புள்ளது என்று முடிவானால், சிகிச்சைச் செலவுக்கு மேல் தனியாக நஷ்டஈடும் உண்டு. மருந்தின் பக்கவிளைவு மட்டும்தான் கணக்கு என்று நினைக்க வேண்டாம். ஆய்வுத் திட்டத்தை மீறியது, அலட்சியம், ஆய்வுக்காகச் செய்த ஏதாவது ஒரு பரிசோதனையால் வந்த பாதிப்பு ஆகியவையும் அதில் சேரும்.

மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போனதால் இது 'தீவிர பாதக நிகழ்வு'. ஆய்வை நடத்தும் டாக்டர் அதை 24 மணி நேரத்துக்குள் மத்திய மருந்து கட்டுப்பாட்டு அதிகாரிக்கும், ஆய்வை நடத்தச் சொல்லும் ஸ்பான்சர் நிறுவனத்துக்கும், பங்கேற்பவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவித்திருக்க வேண்டும். 14 நாளில் விரிவான அறிக்கை போக வேண்டும். நஷ்டஈட்டை முடிவு செய்வது மருத்துவமனை இல்லை, அந்த மத்திய அதிகாரிதான். உத்தரவு வந்த 30 நாளில் ஸ்பான்சர் பணம் கட்ட வேண்டும். உங்கள் விஷயத்தில் அறிக்கையே போகவில்லையோ என்பதுதான் என் பெரிய கவலை. பில்லை உங்கள் தலையில் கட்டியதைப் பார்த்தால், இதைச் சாதாரண அட்மிஷனாகப் பதிவு செய்திருக்க வாய்ப்புண்டு.

அதனால் கடிதத்தை டாக்டருக்கு மட்டும் அனுப்பாதீர்கள். நெறிமுறைக் குழுவின் தலைவருக்கும், அந்த மத்திய அதிகாரியின் அலுவலகமான மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் ஒரே நாளில் அனுப்புங்கள். முகவரிக்கு அலைய வேண்டியதில்லை. இதுபோன்ற ஆய்வுகள் முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாக வேண்டும். அது இணையத்தில் எல்லோரும் பார்க்கக்கூடியது, அதில் ஸ்பான்சர் பெயரும் ஆய்வு டாக்டரின் விவரமும் இருக்கும். நெறிமுறைக் குழுவில் மருத்துவமனையைச் சேராதவர்களும், சட்டம் தெரிந்த ஒருவரும், பொதுமக்களில் ஒருவரும் இருந்தாக வேண்டும். அவர்கள் பார்வைக்கு உங்கள் கடிதம் போய்ச் சேருவதுதான் முக்கியம். டிஸ்சார்ஜ் சம்மரி, பில், ஈரல் பரிசோதனை முடிவுகள் எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் இணைத்து, மூலத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மீதி மாத்திரையையும் காலி அட்டையையும் அவர்கள் கேட்டால், தேதி போட்ட ரசீது வாங்கிக்கொண்டு, போட்டோ எடுத்த பிறகு கொடுங்கள்.

விலகும்போது ஒரு விஷயத்தில் அவசரப்படாதீர்கள். கோபத்தில் மருத்துவமனைப் பக்கமே போகாமல் விட்டுவிடுவது அம்மாவின் உடம்புக்கும் நல்லதில்லை, உங்கள் வழக்குக்கும் நல்லதில்லை. "ஆய்வு மருந்தை எடுத்துக்கொள்வதை நிறுத்துகிறோம், ஆனால் பாதிப்புக்கான தொடர் பரிசோதனைக்கு வருவோம்" என்று கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள். சர்க்கரைக்கு இனி எந்த மருந்து என்பதை வேறு டாக்டரிடம் உடனே கேட்டு முடிவு செய்யுங்கள்.

"இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிய தாளை நீட்டினால் கையெழுத்துப் போட வேண்டாம், அதற்குப் பணம் தருவதாகச் சொன்னாலும் சரி. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் அம்மா பெயரிலேயே மனு கொடுங்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார்.