உயிருக்குப் போராடும் நேரத்தில் ஆராய்ச்சி எதற்கு?

கேள்வி: விஷம் குடித்து அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களை வைத்து ஆராய்ச்சி செய்வது சரியா? அவர்களைச் சோதனை எலி ஆக்குவது போல இல்லையா?

டெல்டா பக்கம் ஒரு மருத்துவமனை கேஷுவாலிட்டியில் எட்டு வருடமாக டாக்டராக இருக்கிறேன். சரிதான், செய்தே ஆக வேண்டும் என்பதுதான் என் பதில்.

பூச்சிமருந்து குடித்தவரை வண்டியிலிருந்து இறக்கும்போதே நெடி முன்னால் வந்துவிடும். வாயில் நுரை. கண்பாப்பா குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருக்கும். நெஞ்சில் காது வைத்தால் கரகரவென்று சத்தம். கொடுப்பது அட்ரோபின், வெகுகாலமாகப் புழக்கத்தில் உள்ள மருந்து. ஆனால் எவ்வளவு, எந்த வேகத்தில் என்பதில் ஆஸ்பத்திரிக்கு ஒரு பழக்கம் இருந்தது. வங்கதேசத்தின் சிட்டகாங்கில் 156 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தார்கள், 2012-ல் முடிவு வெளியானது. பழைய முறையில் 22.5 சதவீதம் பேர் இறந்தார்கள். அளவை வேகமாகக் கூட்டிக்கொண்டே போய், பிறகு சொட்டு சொட்டாக ஏற்றிய பிரிவில் 8 சதவீதம் பேர். இரண்டு பக்கமும் ஒரே மருந்துதான்.

எங்கள் வார்டில் அது எப்படி நடக்கும் தெரியுமா? ஒரு ஆம்பூலில் 0.6 மில்லிகிராம். சிஸ்டர் முதலில் மூன்று உடைப்பார். ஐந்து நிமிடம் பார்ப்போம். கரகரப்பு குறையவில்லையா, ஆறு. அப்புறம் பன்னிரண்டு, அப்புறம் இருபத்து நான்கு. கண்ணாடி கீறி அவர் கட்டைவிரலில் ரத்தம் துளிர்த்திருக்கும், நிறுத்த மாட்டார். நான் நோயாளியின் அக்குளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஈரம் காய்ந்து, நெஞ்சுச் சத்தமும் அடங்கினால்தான் எங்களுக்கு மூச்சு வரும்.

கரி விஷயம் வேறு மாதிரி. விஷத்தை உறிஞ்சும் என்று மருத்துவக் கரியைக் கரைத்துக் கொடுப்பது வழக்கம். இலங்கையில் 401 அரளிவிதை நோயாளிகளிடம் செய்த ஆய்வில் கரியைப் பலமுறை கொடுத்த பிரிவில் இறப்பு 2.5 சதவீதம், மற்றதில் 8 சதவீதம். எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது. பிறகு அதே இலங்கையில் மூன்று மருத்துவமனைகளில், பூச்சிமருந்து குடித்தவர்களையும் சேர்த்து 4,632 பேரிடம் பார்த்தார்கள். 2008-ல் வந்த முடிவில், கரி கொடுக்காதவர்களில் 6.8 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், பலமுறை கொடுத்தவர்களில் 6.3. பெரிய வித்தியாசம் இல்லை. கரி கொடுக்காத பிரிவினரையும் சும்மா விட்டுவிடவில்லை, மற்ற சிகிச்சை எல்லாம் எல்லோருக்கும் உண்டு. எலி என்று கேட்டீர்களே, பலன் தெரியாத ஒன்றை வருடக்கணக்காக எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே இருப்பதைத்தான் நான் அப்படிச் சொல்வேன்.

இந்தக் கணக்கு வார்டோடு நிற்பதும் இல்லை. எந்தப் பூச்சிமருந்து குடித்தவர்கள் அதிகம் இறக்கிறார்கள் என்று இலங்கை மருத்துவமனைகளில் பெயர் வாரியாகக் குறித்து வைத்தார்கள். அந்த விவரம் கையில் இருந்ததால், மிக மோசமான மூன்றை 2008-க்கும் 2011-க்கும் இடையில் படிப்படியாக அரசு தடை செய்தது. கோபத்தில் ஒரு நிமிடம் கை நீட்டுகிறவருக்கு, எட்டும் தூரத்தில் எது இருக்கிறது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. (மனசு அந்த நிலையில் இருந்தால் 104-க்குக் கூப்பிடுங்கள், பேச ஆள் இருக்கிறார்கள்.)

எங்களிடம் ஆய்வு எதுவும் நடக்கவில்லை, ஒரு நீள நோட்டுதான் இருக்கிறது. என்ன பூச்சிமருந்து, எத்தனை மணிக்குக் குடித்தார், என்ன கொடுத்தோம், பிழைத்தாரா. விடியற்காலை மூன்று மணிக்கும் எழுதிவிட்டுத்தான் படுப்பேன். முதல் கட்டம்தான் பெரும்பாலும் காலியாக இருக்கும். போன மாதம் ஒரு அம்மா, "உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வச்சோம் சார், என்ன மருந்துன்னு தெரியல" என்றார். அந்த வாந்தி நுரையீரலுக்குள் போயிருந்தது. தயவுசெய்து வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 108-க்குக் கூப்பிட்டு, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பாட்டில் காலியாக இருந்தாலும் பையில் போட்டு எடுத்து வாருங்கள், லேபிளைப் பார்த்தால் என்ன சிகிச்சை என்று முடிவு செய்வது எங்களுக்குச் சுலபம்.