திட்டம் பம்பு அறையில் தொடங்கட்டும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நாற்பதாயிரம் பேர் வாழும் சிறு நகரம் எங்களுடையது. எரிசக்தியைப் பொறுப்போடு பயன்படுத்துவதற்கான திட்டம் ஒன்றை எழுத நகர மன்றம் ஏழு பேர் கொண்ட குழுவை அமைத்திருக்கிறது. நானும் அதில் இருக்கிறேன். வரைவின் முதல் பக்கத்தில் ‘2040-க்குள் கார்பன் நடுநிலை’, அதாவது வெளிவிடும் கார்பன் அளவையும் ஈடுசெய்யும் அளவையும் சமமாக்குவது, என்று இருக்கிறது. அடுத்து மன்றக் கட்டடத்தின் கூரையில் 50 கிலோவாட் சூரியத் தகடுகள், பிறகு தெருவிளக்குகளை எல்இடி ஆக்குவது, அதன்பின் மரம் நடுதல், விழிப்புணர்வுப் பேரணி. ஊர்ப் பெயரை மாற்றினால் எந்த ஊருக்கும் பொருந்திவிடும் போலிருக்கிறது. குடிநீர் பம்புகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எங்கிருந்து தொடங்க வேண்டும்? இலக்கு ஆண்டு போடுவதில் பொருள் உண்டா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பம்புகளைப் பற்றி வரைவில் எதுவும் இல்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்கள். பதிலை அங்கிருந்தே தொடங்குகிறேன். சிறு நகர நிர்வாகத்தின் மின்செலவில் பெரும்பகுதி பெரும்பாலும் குடிநீரை ஏற்றவும் கழிவுநீரைத் தள்ளிச் சுத்திகரிக்கவும் போகிறது. அடுத்தது தெருவிளக்கு. மன்றக் கட்டடத்தின் விளக்கும் விசிறியும் ஏசியும் அதற்குப் பிறகுதான். ஆனால் திட்டம் எழுதும் கூட்டம் நடப்பது மன்றக் கட்டடத்தில் என்பதால் எல்லோர் கண்ணிலும் அதன் கூரையே படுகிறது.

பம்பு அறைக்குப் போகும் முன் கணக்குப் பிரிவுக்குப் போங்கள். நகராட்சி பெயரில் உள்ள எல்லா மின் இணைப்புகளுக்கும் கடந்த 36 மாதப் பட்டியல்களை எடுத்து, இணைப்புக்கு ஒரு வரியாக எழுதுங்கள்: எந்த இடம், எதற்கு, ஒப்பந்த மின்தேவை (மின்வாரியத்திடம் கேட்டு வாங்கியிருக்கும் உச்ச அளவு), பதிவான உச்சத் தேவை, யூனிட், பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையான வேலைக்குப் பயன்படும் பங்கு). ஓராண்டுக் கணக்கு போதாது. மழை குறைந்த ஆண்டிலும் குழாய் உடைந்த ஆண்டிலும் எண்கள் தாறுமாறாகும். இந்த அட்டவணையே பல செய்திகளைச் சொல்லும். கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றுக்கு இன்னும் நிலைக்கட்டணம் போய்க்கொண்டிருக்கும். மூன்று மாதம் தொடர்ந்து ஒரே யூனிட் வந்திருந்தால் மீட்டர் ஓடவில்லை, சராசரி போட்டிருக்கிறார்கள் என்று பொருள். உச்சத் தேவை 60 கிலோவாட்டைத் தாண்டாத இடத்தில் 100-க்கு ஒப்பந்தம் இருக்கும். பவர் ஃபேக்டர் 0.8-லிருந்து 0.98-க்கு ஏறினால் அதே வேலைக்கு இழுக்கும் மின்னோட்டம் சுமார் 18% குறையும். குறைந்த பவர் ஃபேக்டருக்கான அபராதம் போகும், கேபிள் சூடு தணியும். ஆனால் மீட்டரில் யூனிட் பெரிதாகக் குறையாது. பவர் ஃபேக்டரை உயர்த்தும் கப்பாசிட்டரை மாட்டிவிட்டு மின்சாரத்தைச் சேமித்துவிட்டதாகத் திட்டத்தில் எழுதாதீர்கள்.

இனி பம்பு. ஒவ்வொரு பம்புக்கும் மூன்று அளவுகள் வேண்டும்: மணிக்கு எவ்வளவு நீர், எவ்வளவு உயரம், எவ்வளவு மின்சாரம்.

நீரளவுக்கு மீட்டர் இல்லாவிட்டால் மேல்நிலைத் தொட்டியே போதும். வெளியேறும் வால்வை மூடிவிட்டு நீர்மட்டம் ஏறும் நேரத்தைக் குறியுங்கள். 8 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டியில் மட்டம் ஒரு மீட்டர் ஏறினால் 50 கன மீட்டர் நீர். அதற்கு 30 நிமிடம் ஆனால் மணிக்கு 100 கன மீட்டர். உயரத்துக்கு, பம்பின் வெளியேற்றக் குழாயில் உள்ள அழுத்தமானியைப் படியுங்கள். ஒரு பார் அழுத்தம் என்பது ஏறத்தாழ 10.2 மீட்டர் உயர நீருக்குச் சமம். அத்துடன் மானிக்கும் கீழே உள்ள நீர்மட்டத்துக்கும் இடையிலான உயரத்தைக் கூட்டுங்கள். 4.4 பாரும் 5 மீட்டரும் சேர்ந்தால் சுமார் 50 மீட்டர். பழைய மானியை நம்ப வேண்டாம். பம்பு நின்று குழாயில் அழுத்தம் இறங்கிய பிறகும் முள் சுழியத்துக்குத் திரும்பாத மானிகள் ஏராளம். புதிதாக ஒன்றை மாட்டிவிட்டுப் படியுங்கள்.

நீரளவை உயரத்தால் பெருக்கி, அலகுகளை மாற்றும் எண்ணான 367-ஆல் வகுத்தால் நீருக்குள் போன கிலோவாட் கிடைக்கும். இங்கே 100 × 50 ÷ 367 = 13.6. அதே நேரத்தில் மின்மீட்டர் 30 கிலோவாட் காட்டினால் மொத்தத் திறன், அதாவது செலவான மின்சாரத்தில் நீரை ஏற்றப் பயன்பட்ட பங்கு, 45%. இந்த அளவுள்ள நல்ல பம்பும் மோட்டாரும் சேர்ந்து 68% தருவது கடினமில்லை. அப்போது 20 கிலோவாட் போதும். நாளுக்கு 16 மணி நேரம் ஓடும் பம்பில் இந்த 10 கிலோவாட் வித்தியாசம் ஆண்டுக்கு 58,400 யூனிட். வெயில் நன்றாக அடிக்கும் ஊரில் ஒரு கிலோவாட் சூரியத் தகடு ஆண்டுக்கு 1,400 யூனிட் தருவதாகக் கொண்டால், இது 42 கிலோவாட் தகடுகளின் விளைச்சல். நீங்கள் மன்றக் கூரையில் போட நினைக்கும் 50 கிலோவாட்டுக்கு ஏறக்குறைய ஈடான சேமிப்பு ஒரே ஒரு பம்பில் கிடக்கக்கூடும். இதை உங்கள் குழுவின் ஏழு பேரும் ஒருமுறை கையால் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

திறன் ஏன் சரிகிறது? பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லருக்கும் உறைக்கும் இடையிலுள்ள வளையம் (வியர் ரிங்) தேய்ந்து, ஏற்றிய நீரில் ஒரு பங்கு உள்ளேயே சுற்றி வரும். மணல் கலந்த நீரில் இது விரைவாக நடக்கும். இரண்டாவது காரணம், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பெரிய பம்பை வாங்கி, வெளியேற்ற வால்வைப் பாதி மூடி ஓட்டுவது. பம்பு அறைக்குள் நுழைந்ததும் வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்று பாருங்கள். பாதி மூடியிருந்தால் இம்பெல்லரின் விட்டத்தைக் குறைத்துக் கடைவது மலிவான மருந்து, ஆனால் பம்பு உற்பத்தியாளரின் வரைபடம் அனுமதிக்கும் அளவு வரைதான். மூன்றாவது, பலமுறை சுருள் கட்டிய மோட்டார். புதிதாகச் சுருள் கட்டுவதற்காகப் பழைய சுருளை அவசரமாக அதிகச் சூட்டில் எரித்து எடுத்தால் இரும்புத் தகடுகளின் காப்பு கெட்டு, ஒவ்வொரு முறையும் திறன் கொஞ்சம் போகும்.

எல்லாப் பம்புக்கும் விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) மாட்டச் சொல்லி உங்களிடம் யாராவது வருவார்கள். வேகத்தைக் குறைத்தால் மின்சாரம் கன மடங்கில் குறையும் (வேகம் பாதியானால் மின்சாரம் எட்டில் ஒரு பங்கு) என்ற கணக்கையும் காட்டுவார்கள். அந்தக் கணக்கு உராய்வை மட்டுமே எதிர்க்கும் நீரோட்டத்துக்கு உரியது. மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் பம்பு எதிர்ப்பதில் பெரும்பகுதி நிலையான உயரம். வேகத்தை 80% ஆக்கினால் பம்பு தரக்கூடிய உயரம் 64% ஆகிவிடும். அது தொட்டியின் உயரத்துக்குக் கீழே போனால் மோட்டார் சுற்றும், நீர் ஏறாது, பம்புக்குள் இருக்கும் நீர் சூடாகும். விஎஃப்டி தெருக்குழாய்களுக்கு நேரடியாக அழுத்தம் கொடுக்கும் பம்புகளுக்கும் கழிவுநீர் நிலையத்தில் கழிவை உண்ணும் நுண்ணுயிர்களுக்குக் காற்று செலுத்தும் ஊதிகளுக்கும் நன்றாகப் பொருந்தும். அந்த ஊதிகளைத் தனியாகக் கவனியுங்கள். காற்றோட்ட முறையில் இயங்கும் நிலையத்தின் மின்சாரத்தில் பாதியையோ அதற்கு மேலோ அவை தின்னும். தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் பொதுவாகப் போதும். உணர்கருவியில் அழுக்குப் படிந்து குறைவாகக் காட்டினால் ஊதி வீணாக முழுவேகத்தில் ஓடும். அதை வாரம் ஒருமுறை துடைக்க ஓர் ஆள் வேண்டும்.

ஏற்றிய நீர் வீடு சேரவில்லை என்றால் அதை ஏற்றச் செலவான மின்சாரமும் சேரவில்லை. 30% கசிவு என்றால் பம்பின் மின்சாரத்திலும் 30% மண்ணுக்குள் போகிறது. நாள் முழுதும் நீர் வழங்கும் ஊரில், பின்னிரவு 2 மணியிலிருந்து 4 மணி வரை ஒரு பகுதிக்குள் போகும் நீரை அளந்தால் அதில் பெரும்பாலும் கசிவே இருக்கும். விட்டு விட்டு வழங்கும் ஊரில் அந்த முறை செல்லாது. அங்கே வீட்டு இணைப்புகளை மூடி, பகுதியை நிரப்பி, அழுத்தம் எவ்வளவு வேகமாக விழுகிறது என்று பார்க்க வேண்டும். இரவு அழுத்தத்தை 20% குறைத்தால், இரும்புக் குழாயில் விழுந்த துளையின் கசிவு சுமார் 10% குறையும். பிளாஸ்டிக் குழாயின் பிளவு அழுத்தத்தோடு விரிந்து சுருங்கும் என்பதால் அதில் 25 சதவீதத்துக்கு மேலும் குறையலாம். ஒரு குழிகூடத் தோண்டாமல் கிடைக்கும் லாபம் இது.

இதற்கெல்லாம் பிறகு சூரியத் தகடுகளுக்கு வாருங்கள். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்களிடம் ஏற்கெனவே ஒரு மின்கலம் இருக்கிறது, அதுதான் மேல்நிலைத் தொட்டி. இரவில் ஓடும் பம்பு நேரத்தை முற்பகல் 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரையிலான பொழுதுக்கு நகர்த்த முடியுமானால், தகடுகள் தரும் மின்சாரம் அப்படியே நீராகத் தொட்டியில் ஏறி நிற்கும். எனவே தகடுகளின் அளவைச் சீர்செய்த பம்பின் தேவையிலிருந்து கணக்கிடுங்கள். தகடுகளின் மின்சாரத்தை மாற்றித் தரும், மின்வாரியக் கம்பியோடு இணைந்த சாதாரண இன்வெர்ட்டர், மின்தடை வந்தவுடன் கம்பியில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காகத் தானும் நின்றுவிடும் என்பதையும் மன்றத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் மின்தடையிலேயே திட்டத்தின் மீது நம்பிக்கை போய்விடும்.

தெருவிளக்கில் கணக்கு எளிது. 250 வாட் சோடியம் விளக்கு சோக்கோடு சேர்த்து 280 வாட் அளவுக்கு இழுக்கும், அந்த இடத்தில் 110 வாட் எல்இடி பெரும்பாலும் போதும். ஆயிரம் விளக்குகள் ஆண்டுக்கு 4,000 மணி நேரம் எரிந்தால் 6.8 லட்சம் யூனிட் மிச்சம். தவறு நடப்பது வாங்குவதில். எல்இடியில் முதலில் சாவது பெரும்பாலும் விளக்கு அல்ல, அதற்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர். மின்னல், மின்னழுத்த ஏற்றம் இரண்டும் அதைக் கொல்லும். அந்த ஏற்றத்தை 10 கிலோவோல்ட் வரை தாங்கும் தடுப்புக் கருவியும் கம்பத்துக்குச் சரியான எர்த்தும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். நிற வெப்பநிலை (ஒளி மஞ்சள் சாய்ந்ததா, நீல வெள்ளையா என்பதன் அளவு) 3000 கெல்வினுக்கு மேல் வேண்டாம், வெள்ளை வெளிச்சம் கண்ணைக் கூசும், பூச்சிகளையும் அதிகம் இழுக்கும். இன்னொன்று: மீட்டர் இல்லாமல் விளக்கு எண்ணிக்கைப்படி கட்டணம் கட்டும் இணைப்புகளில், மின்வாரியப் பதிவேட்டைத் திருத்தாதவரை ஒரு காசுகூடக் குறையாது.

பணம் எங்கிருந்து வரும் என்று மன்றம் கேட்கும். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரம் 1995 முதல் செய்துவரும் முறையை எடுத்துக் காட்டுங்கள். நகராட்சிக்குள்ளேயே ஒரு நிதி இருக்கிறது. எரிசக்தியைச் சேமிக்கும் வேலைக்குத் துறைக்கு அது பணம் கொடுக்கும், துறை கட்டணத்தில் மிச்சமாவதை நிதிக்குத் திருப்பிக் கட்டும், அந்தப் பணம் அடுத்த வேலைக்குப் போகும். மிச்சம் பொதுக் கணக்கில் கரைந்துபோனால் பம்பு அறைக்காரருக்கு அக்கறை வராது. அவர் அறைக்கு நல்ல விளக்கும் கருவியும் அந்த மிச்சத்திலிருந்தே வரட்டும்.

இலக்கு ஆண்டைப் பற்றிக் கேட்டீர்கள். ஸ்வீடனின் வெக்ஹோ நகரம் புதைபடிவ எரிபொருளிலிருந்து முற்றாக விடுபடுவதென்று 1996-இல் மன்றத்தில் தீர்மானித்தது. அங்கே அதற்கு முன்பே மரச்சில்லுகளை எரித்து வீடுகளுக்கு வெப்பம் அனுப்பும் குழாய் அமைப்பு இருந்தது, தீர்மானம் அதன் மேல் நின்றது. டென்மார்க்கின் சாம்ஸோ தீவு 1997-இல் புதுப்பிக்கத்தக்க எரிசக்தித் தீவாகத் தேர்வானது. அங்கே நிறுவிய காற்றாலைகள் பலவற்றில் தீவுவாசிகளே பங்குதாரர்கள். ஆகவே தொலைவு ஆண்டைப் போடுவதில் தவறில்லை, அதைத் தாங்கும் கால்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். ‘கார்பன் நடுநிலை’ என்பது நகராட்சியின் சொந்தப் பயன்பாட்டுக்கா, ஊர் முழுமைக்குமா என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். இரண்டும் வேறுவேறு அட்டவணைகள். ஊர் முழுமைக்கு என்றால் வீட்டு அடுப்பும் வண்டிகளும் ஆலைகளும் வரும், குப்பைமேட்டிலிருந்து எழும் மீத்தேனும் வரும். நூறாண்டுக் கணக்கில் அது எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைப் போல 28 மடங்கு சூடேற்றக்கூடியது. மக்கும் குப்பையைப் பிரித்து உரமாக்குவது வெறும் துப்புரவு வேலை அல்ல, இந்தத் திட்டத்தில் அதற்குத் தனி அத்தியாயம் வேண்டும்.

முதலாண்டுக்கு நான் கேட்பது ஒரே எண்தான்: ஒவ்வொரு நீரேற்று நிலையத்திலும் ஆயிரம் லிட்டருக்கு எத்தனை யூனிட். மேலே சொன்ன பம்பில் அது 0.30, சீர்செய்தபின் 0.20. அதை மாதந்தோறும் எழுதும் பதவி எது, எந்தத் தேதியில் மன்றத்துக்கு வரும் என்பதையும் வரைவில் சேருங்கள். அந்த அட்டவணை நிரம்பியதும் எனக்கு அனுப்புங்கள், எந்தப் பம்பை முதலில் பிரித்துச் சீர்செய்யலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்.