பழைய காருக்கு எந்தப் புகைக்குழாய்?

கேள்வி: எனது 2008ஆம் ஆண்டு பெட்ரோல் காரின் சைலன்சர் துருப்பிடித்துவிட்டது. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாத குழாயைப் பொருத்தினால் செலவு குறையும் என்கிறார் மெக்கானிக். பொருத்தலாமா? – வாசகர், சேலம்

பதில்: தயவுசெய்து பொருத்த வேண்டாம். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய, தேன்கூடு போன்ற அந்தக் கன்வெர்ட்டர்தான் உயிரைப் பறிக்கும் கார்பன் மோனாக்சைடைக் கார்பன் டை ஆக்சைடாகவும், நைட்ரஜன் ஆக்சைடுகளை வெறும் நைட்ரஜனாகவும் மாற்றுகிறது. அதை நீக்கினால் புகைப் பரிசோதனையில் தேறுவது கடினமாவதோடு, புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சார் கோளாறு காட்டி எஞ்சின் எச்சரிக்கை விளக்கும் எரியக்கூடும். சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் 1995 முதலே புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமாயிற்று. கன்வெர்ட்டர் இல்லாமலேயே தயாரான பழைய கார்களுக்கு மட்டுமே வெறுங்குழாய் ஏற்றது. பெரும்பாலும் துருப்பிடிப்பது பின்னாலுள்ள சைலன்சர் பெட்டிதான். கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால், அந்தப் பெட்டியை மட்டும் மாற்றித் தரச் சொல்லுங்கள்.