41 சதவீதம், எதில்?

அன்புள்ள ஐயா,

மத்திய வரியில் 41 சதவீதம் மாநிலங்களுக்குப் போகிறது. அப்படியும் ஒவ்வொரு பட்ஜெட் முடிந்ததும் ‘வஞ்சித்துவிட்டார்கள்’ என்ற குரல்தான். தங்கள் நிர்வாகக் கோளாறை மறைக்கப் போடும் சத்தம் என்றே எனக்குப் படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கே., திருப்பூர்

அன்புள்ள கே.,

41 சதவீதம் சரிதான். ஆனால் எதில்? பகிர்ந்துகொள்ள வேண்டிய தொகுப்பில் மட்டும். ஒரு குறிப்பிட்ட தேவைக்கென்று போடும் செஸ், வரியின் மேல் கூடுதலாகப் போடும் சர்சார்ஜ் இரண்டும் அதற்குள் வராது. எல்லா வரியிலும் மாநிலங்களுக்குப் பங்கு என்று 2000இல் அரசியல் சட்டத்தைத் திருத்தியபோதே அவற்றை வெளியே நிறுத்திவிட்டார்கள்.

2021 பிப்ரவரி பட்ஜெட்டைப் பாருங்கள். அதற்கு முன் லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்றியக் கலால் வரி 32 ரூபாய் 98 காசு. பட்ஜெட்டுக்குப் பின் 32.90. பங்க்கில் வண்டியை நிறுத்தியவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் பகிர வேண்டிய அடிப்படைக் கலால் 2.98இலிருந்து 1.40 ஆனது. புதிதாக இரண்டரை ரூபாய் விவசாய உள்கட்டமைப்பு செஸ் வந்து உட்கார்ந்தது. 1.40இல் 41 சதவீதம் எவ்வளவு? 57 காசு. அதுவும் அத்தனை மாநிலங்களுக்கும் சேர்த்து! லிட்டருக்கு 32.90 வசூலித்துவிட்டு 57 காசு கொடுத்ததை எப்படி 41 சதவீதம் என்று ஏற்பது?

2018 பட்ஜெட்டிலும் அடிப்படைக் கலாலில் 2 ரூபாயைக் குறைத்து அதைச் சாலை செஸ்ஸில் ஏற்றினார்கள். பாஜகவை மட்டும் குறைசொல்ல மாட்டேன்; 2004இல் கல்வி செஸ் கொண்டுவந்தது காங்கிரஸ் கூட்டணி. டெல்லியில் யார் உட்கார்ந்தாலும் இந்த வசதியை விட மனம் வருவதில்லை. பெட்ரோல் விலை ஏறினால் மக்கள் கேட்பார்கள். 1.58 ரூபாய் ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் யார் கேட்கப்போகிறார்கள்?

மாநிலங்கள் தாங்களே வரி போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். 2017இல் ஜிஎஸ்டி வந்தபின் பெரிதாக மிஞ்சியவை பெட்ரோல், மது, பத்திரப் பதிவு. டாஸ்மாக்கை மூடச் சொல்லும் நாம் இதையும் யோசிக்க வேண்டும். ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து ஜிஎஸ்டி பற்றி முடிவுசெய்யும் ஜிஎஸ்டி கவுன்சிலில் முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். ஒன்றிய அரசின் கையில் மட்டும் மூன்றில் ஒரு பங்கு. எல்லா மாநிலங்களும் ஒன்றுசேர்ந்தாலும் அதை மீற முடியாது.

நிர்வாகக் கோளாறு இல்லை என்று சொல்லவில்லை. அதைக் கேளுங்கள், நானும் உங்களோடு சேர்ந்து கேட்கிறேன். கூடவே உங்கள் தொகுதி எம்.பி.யிடம், அவர் எந்தக் கட்சியானாலும், ஒன்று கேளுங்கள்: ஐந்தாண்டைத் தாண்டிய எந்த செஸ்ஸும் பொதுத் தொகுப்பில் சேர வேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்தால் கை தூக்குவாரா?